ஐந்து கண் பாலத்தின் சாட்சி

அந்த நாட்டில், வெளியிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் வேலையில் சேரவேண்டுமானால், அவர் தன் ஊரில் கட்டிய ஏதாவது ஒன்று நேரில் வந்து அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். படம், சான்றிதழ், மேலதிகாரியின் கடிதம் எதுவும் செல்லாது. அணை கட்டியவருக்கு அணை வரவேண்டும். பள்ளிக்கூடம் கட்டியவருக்குப் பள்ளிக்கூடம் வரவேண்டும். சாலை போட்டவர்கள் பாடு கொஞ்சம் சுலபம். சாலைக்கு வழி தெரியும்.

வைரவன் சிவகங்கைப் பக்கத்து ஆள். அரசுத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்தபோது அவன் பொறுப்பில் மூன்று கட்டுமானங்கள் எழும்பின. ஒன்று எழுவனூர் ரேஷன் கடைக் கட்டடம். அது வர முடியாது என்று சொல்லிவிட்டது. பாமாயில் லாரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று கண்மாயில் ஒரு சின்ன மதகு. வாயைத் திறந்தால் தண்ணீர் விடுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. மிச்சம் இருந்தது நாணலாற்றுக்குக் குறுக்கே அவன் கட்டிய ஐந்து கண் பாலம்.

பாலத்தைக் கூப்பிட அவனுக்கு மனம் வரவில்லை. ஆற்றின் மேற்குக் கரையில் எழுவனூர், கிழக்குக் கரையில் தாழையடி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிற்கும் இடம் எல்லாமே தாழையடியில். எழுவனூரில் இருப்பது வீடுகளும் அந்த ரேஷன் கடையும்தான். பாலம் எழுந்து போய்விட்டால் ஊரே ஆற்றுக்குள் இறங்கி நடக்கவேண்டும். அவன் மகள் ஓவியா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள்.

ஆனால் இன்னொரு சட்டமும் இருந்தது. தான் படித்த வேலையில் சேர்ந்தவர்தான் மனைவி மக்களை அங்கே அழைத்துக்கொள்ளலாம். கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறவருக்கு அந்த உரிமை கிடையாது. வைரவன் கிடங்கில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தான். அவன் மடித்த பெட்டிகளை எத்தனை உயரத்துக்கு அடுக்கினாலும் ஓரம் பிசகாமல் நின்றன. மேற்பார்வையாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேராக மடிக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிப்போனார்.

அவன் குடியிருந்தது குணநாயகம் என்பவரின் வீட்டு நிலவறையில். குணநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் ஒரு காலத்தில் பொறியாளர். அவருக்குச் சாட்சி சொல்ல ஊரிலிருந்து அவர் கட்டிய தண்ணீர்த் தாங்கி வந்திருந்தது. விசாரணை நாளன்று தாங்கிக்குள் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத தாங்கியைத் தாங்கி என்று ஏற்க முடியாது என்றார்கள். தண்ணீர் நிரப்பிக்கொண்டு மறுபடி போனபோது பனிக்காலம் வந்துவிட்டது. உள்ளே தண்ணீர் உறைந்து, தாங்கி மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. அதிலிருந்து குணநாயகம் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறார். தாங்கி அவர் வீட்டுப் பின்புறத்தில், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

ஏன் அதைத் திருப்பி அனுப்பவில்லை என்று வைரவன் ஒருமுறை கேட்டான்.

"நான் போகச் சொன்னனான்தான் தம்பி. ஊரிலை போய் என்னெண்டு முகத்தைக் காட்டுறது எண்டு அது கேக்குது," என்றார் குணநாயகம்.

பாலத்தைக் கூப்பிடச் சொன்னவரும் அவர்தான். தாங்கி என்பது நின்ற இடத்தில் நிற்கிற சாமான், அதற்கு வெளியூர் ஒத்துவராது, பாலம் அப்படியில்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது அதன் பிறவிக் குணம் என்று அவர் எடுத்துச் சொன்னார். வைரவன் ஒரு வாரம் யோசித்துவிட்டு மனைவி மங்கைக்குப் போன் செய்தான்.

மங்கை அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்டுக்கொண்டாள். ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சொன்னாள். இரண்டு கரைக்காரர்களும் பாலத்தின் மேலேயே கூடிப் பேசினார்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். பிரசவ வலி வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று ஒரு கிழவர் கேட்டார். கடைசியில், நம்ம ஊர்ப் பிள்ளை ஒன்று எங்கேயோ போய் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருப்பது நமக்குத்தான் கேவலம் என்று தாழையடிக்காரர் ஒருவர் சொன்னது எடுபட்டது. ஆடியில் ஆறு மணலாகத்தான் கிடக்கும், போய்விட்டு வரட்டும், ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பாலத்தின் பெயரில் கப்பலுக்குச் சீட்டு எடுத்தார்கள்.

"அதுக்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிட்டேன்," என்றாள் மங்கை போனில். "அவுக கூப்புட்டு நான் போகாம இருப்பேனான்னுச்சு."

பாலம் தன் தூண்களை மணலிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு கரையேறியது. இரண்டு கரையிலும் அதன் முனைகள் உட்கார்ந்திருந்த கல்மேடைகள் மட்டும் அப்படியே நின்றன. பெண்கள் வற்றலும் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டார்கள். அந்த நாட்டுத் துறைமுகத்தில் நார்த்தங்காயை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். மற்றபடி பாலம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. நெடுஞ்சாலையின் ஓரமாகவே நடந்து, சிவப்பு விளக்கு எரிந்த இடங்களில் நின்று, தனக்குக் கீழே போகவேண்டிய வண்டிகளைப் போகவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குணநாயகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றது.

வைரவனைப் பார்த்ததும் அது, "எளைச்சுப் போனீக," என்றது.

அது நாள்முழுக்கச் சுமந்தது எழுவனூர்ப் பெண்களை. ஆண்கள் பாலத்தில் நடக்கும்போது பீடி பிடிப்பார்கள், இருமுவார்கள், பேசுகிறவர்கள் பெண்கள்தான். அதனால் பாலத்தின் பேச்சும் அவர்கள் பேச்சாகவே இருந்தது.

தெருவில் வண்டி நிறுத்தும் இடத்தில் பாலம் கிடக்கக் கூடாது என்று நகராட்சியில் விதி இருந்தது. அதனால் அது பின்புறத்தில் படுத்தது. குணநாயகத்தின் இடம் அதற்குப் போதவில்லை. ஒரு முனை இடதுபக்கத்து வீட்டுத் தோட்டத்திலும் மறுமுனை வலதுபக்கத்து வீட்டுத் தோட்டத்திலும் போய் முடிந்தது. இடதுபக்கம் தனியாக வாழும் ஒரு கிழவர். வலதுபக்கம் ஒரு நர்ஸும் அவள் கணவனும். இந்த இரண்டு வீட்டாரும் எதற்காகவோ பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. பாலம் வந்த பிறகு கிழவர் தினமும் காலையில் அதன்மேல் ஏறி நர்ஸ் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார். அப்போதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

புரட்டாசி பிறந்ததும் குளிர் ஆரம்பித்தது. வைரவன் பாலத்தைக் கட்டும்போது வெயிலைத்தான் கணக்கில் எடுத்திருந்தான். வெயிலில் கான்கிரீட் நீளும் என்பதற்காகக் கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டிருந்தான். குளிரில் அது எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கவில்லை. எழுவனூரில் மார்கழியில் கம்பளி போர்த்துவது ஒரு மரியாதைக்குத்தான். இங்கே பாலம் நாளுக்கு நாள் குறுகியது. இடைவெளிகள் அகன்று, கைவிரலை உள்ளே விடலாம் போலாகிவிட்டன. அந்த இடங்களில் நோகிறது என்று பாலம் சொல்லவில்லை. கிழவர் நடக்கும்போது லேசாக முனகியது, அவ்வளவுதான். வைரவன் பழைய துணிக்கடையில் கம்பளிகள் வாங்கிவந்து இடைவெளிகளில் திணித்தான். கிடங்கிலிருந்து வந்ததும் அதுதான் அவனுக்கு முதல் வேலை.

"மொதல்ல போயிச் சாப்புடுங்க," என்னும் பாலம். "எனக்கென்ன, கல்லும் மண்ணும்."

விசாரணைக்கு அவன் பாலத்தைத் தயார் செய்தான். எத்தனை டன் தாங்கும், எந்த வருடத்து வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, தூணுக்கு அடியில் எவ்வளவு ஆழத்தில் பாறை தட்டியது என்றெல்லாம் கேள்வி கேட்டுப் பழக்கினான். பாலத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தத் தூணுக்குக் கான்கிரீட் போட்ட அன்று மழை வந்தது, எந்தச் சித்தாள் அன்று தன் சேலையை அவிழ்த்துப் பச்சைக் கான்கிரீட்டின் மேல் மூடிவிட்டுப் பாவாடையோடு நின்றாள் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. வைரவனுக்கு நம்பிக்கை வந்தது. ஓவியாவுக்குக் குளிர்ச் சட்டை எந்த அளவில் வாங்க வேண்டும் என்று மங்கையிடம் விசாரித்தான். போன வருடத்து அளவைவிட ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள் என்றாள் மங்கை.

அலுவலகத்துக்குள் பாலம் நுழைகிற வாசல் இல்லை. அதனால் எதிரில் இருந்த புல்வெளியில் விசாரணை நடந்தது. தூறல் விழுந்ததால் அதிகாரிகள் மூவரும் பாலத்தின் இரண்டாவது கண்ணுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது பாலம்தானா என்று முதலில் விவாதித்தார்கள். நனையாமல் உட்கார்ந்து விவாதித்து, பாலம்தான் என்று முடிவு செய்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரிதான் கேள்வி கேட்டார். அவர் கேட்டதைப் பாலத்துக்கும் பாலம் சொன்னதை அவருக்கும் குணநாயகம் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவோ குறைக்கவோ கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

பாரம் கேட்டார்கள், சொன்னது. வெள்ளம் கேட்டார்கள், சொன்னது. அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். வைரவன் ஓரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

பிறகு பெண் அதிகாரி கடைசிக் கேள்வியைக் கேட்டார். உன்னைக் கட்டியது யார், அவர் பெயரை உன் வாயால் சொல்.

பாலம் கொஞ்சம் தாழ்ந்தது.

மறுபடி கேட்டார்கள்.

"அவுகதான்," என்றது பாலம். "இந்தா, நிக்கிறாகளே."

ஆளைக் காட்டுவது செல்லாது, பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று பெண் அதிகாரி விளக்கினார். பாலம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, கைப்பிடிச் சுவரை முகத்துப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டது.

வைரவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாறையின் ஆழம் வரைக்கும் பழக்கியவன் இதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மங்கை ஒருமுறைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. எழுவனூரில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், பழனி மலையில் ஆண்டியாக நிற்கிறவர் பேரு என்பார்கள். எழுதுகிறவர் புரிந்துகொண்டு எழுதிக்கொள்வார். அந்தப் பெண்கள்தான் பாலத்துக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தவர்கள். பேச்சோடு இதையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார்கள். அரிசி மூட்டையும் பிள்ளையும் அதன் மேல் ஏற்றிய மாதிரி.

மூன்றாம் முறை கேட்டபோது பாலம் தன்னால் முடிந்ததைச் செய்தது.

"நாய வாகனமா வச்சிருக்கிற சாமி இருக்காருல்ல, அவரு பேரு."

குணநாயகம் ஒருகணம் வைரவனைப் பார்த்தார். சத்தியம் செய்திருந்ததால் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தார். பெண் அதிகாரி, பாலத்தைக் கட்டியவர் நாய் வைத்திருக்கும் ஒரு கடவுள் என்று குறித்துக்கொண்டார். அந்தக் கடவுள் நீதானா என்று வைரவனிடம் கேட்டார். பெயர் மட்டும் ஒன்று என்றான். நாய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான்.

அவர் கடுமையானவர் அல்ல. அந்தக் கடவுள் விரும்பினால் தனியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் அவரும் இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டியிருக்கும் என்றார். வைரவனுக்கு இன்னொரு விசாரணை உண்டு, அடுத்த மாதம், அதுவே கடைசி என்றார்.

அடுத்த மாதம் ஐப்பசி.

குணநாயகம் பேக்கரியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பாலத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதற்குச் சொல்லிப் பார்த்தார். ஆளின் பெயர் என்று நினைக்காமல் சாமியின் பெயர் என்று நினைத்துச் சொல்லுமாறு கேட்டார். பாலம் பணிவாகப் பதில் சொன்னது. அவர் பெயர் சாமி பெயர்தான், அதனால்தான் சாமி பெயரையும் தான் சொல்வதில்லை, கும்பிடும்போதுகூட நாய்க்காரரே என்றுதான் கும்பிடுவது என்றது.

"இதுக்கு என்ரை தாங்கி பரவாயில்லை தம்பி," என்றார் குணநாயகம். "அது வெடிச்சுதே தவிர, பேரைச் சொன்னது."

வைரவன் பாலத்தின் அருகில் போய்த் தானே கேட்டான். தன் ஆயுசு குறைந்தால் பரவாயில்லை, சொல்லிவிடு என்றான். பாலம், அந்தம்மா சொன்னால் நானும் சொல்கிறேன் என்றது கடைசியில். மங்கையைத்தான் அது அந்தம்மா என்றது.

அவன் மங்கைக்குப் போன் செய்து, போனைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தான். விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"ஆத்துல தண்ணி வந்துருச்சு," என்றாள் மங்கை. "ஓவியா மூணு நாளாப் பள்ளிக்கூடம் போகல. பைய மாட்டிக்கிட்டுக் கரையில போயி நிக்கிறா. நின்டுட்டு வாரா."

பெயரை ஒருமுறை சொன்னால் போதும் என்றான் வைரவன். பாலம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது சொல்லிவிட்டால் வேலை. வேலை கிடைத்தால் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடலாம். பாலமும் ஊருக்குத் திரும்பிவிடும்.

மங்கை தொண்டையைச் செருமினாள். ஆரம்பித்தாள். முதல் எழுத்து வந்தது. அதற்குமேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் அந்த ஓர் எழுத்துதான் வந்தது. பிறகு அவள் அழுகிற சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பாலம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

இரண்டாவது விசாரணையன்று புல்வெளியில் பனி மூடியிருந்தது. பாலமும் முதல் எழுத்துவரைக்கும் வந்து நின்றது. அதிகாரிகள் காத்திருந்தார்கள். பாலம் நடுங்கியது, ஒரு தூணிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்தது, ஆனால் இரண்டாவது எழுத்து வரவில்லை. ஓர் எழுத்துக்கு வேலை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பெண் அதிகாரி வருத்தத்தோடு சொன்னார்.

அவர் எழுந்துகொள்ளவில்லை. பாலத்தைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். இதற்கு இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டார். குணநாயகத்தின் இடதுபக்கத்து வீட்டுக் கிழவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். தினமும் காலையில் அதன் மேல் நடந்துதான் காப்பி குடிக்கப் போகிறேன், ஒருநாளும் விழுந்ததில்லை என்று அவர் கையை உயர்த்திச் சொன்னார். தள்ளி நின்ற நர்ஸும் அவரைப் பார்க்காமலேயே ஆமாம் என்றாள். அதிகாரிகள் மூவரும் கொஞ்சநேரம் குசுகுசுத்தார்கள். உள்ளூர் அனுபவம் இருக்கிறது, பாரமும் வெள்ளமும் சரியாகச் சொல்லியிருக்கிறது, நடத்தையும் நன்று. இந்தக் கோப்புக்கு ஒதுக்கிய இடம் ஒன்றுதான். அதைப் பாலத்துக்கே கொடுக்கிறோம் என்று அறிவித்தார்கள்.

பாலம் வைரவன் பக்கம் திரும்பியது. "நீங்க இருன்னா இருக்கேன். போன்னா போறேன்."

வைரவன் ஆற்றங்கரையில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற ஓவியாவை நினைத்தான்.

"நீ ஊருக்குப் போ," என்றான்.

குணநாயகம் அதையும் மொழிபெயர்த்தார். பெண் அதிகாரி, மனம் புண்படாதபடி, இந்த நாட்டில் பாலங்களுக்கு உத்தரவு கொடுக்கும் உரிமை பொறியாளர்களுக்கு மட்டுமே உண்டு என்று நினைவுபடுத்தினார்.

அடுத்த திங்கட்கிழமை பாலம் வேலையில் சேர்ந்தது. நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய கடைக்கு இரண்டு கார் நிறுத்துமிடங்கள் இருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில் அதைப் போட்டார்கள். ஒரு கார் நிறுத்துமிடத்திலிருந்து இன்னொன்றுக்கு யாரும் போவதில்லை. வைரவன் கிடங்கு வேலை முடிந்து, மீதிக் கம்பளிகளோடு அதைப் பார்க்கப் போனான். பாலம் நல்ல நிலையில்தான் இருந்தது. புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள்.

"கீழ ஒண்ணுமே ஓடல," என்றது அது. வைரவன் கம்பளிகளைத் திணித்துவிட்டு வந்தான்.

ஊராட்சித் தலைவரின் போன் அந்த வாரமே வந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது, ஆடியில் அனுப்பினோம், ஐப்பசி முடியப்போகிறது என்றார். தாழையடி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் ஒரு பெண் எழுவனூர்க் கரையிலேயே பிள்ளை பெற்றாள் என்றார். பிள்ளைக்குத் தாழையடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்றார்.

"பாலம் வராட்டி ஆளாச்சும் வரணும்ல தம்பி," என்றார். "ஆத்துக்குக் குறுக்க ஏதாச்சும் ஒண்ணு கெடக்கணும்."

அது நியாயமாகத்தான் பட்டது வைரவனுக்கு. பாலத்தின் பெயரில் எடுத்த திரும்பும் சீட்டு அவனிடம் இருந்தது. கிடங்கில் சொல்லிக்கொண்டான். மேற்பார்வையாளர் அவன் கையைக் குலுக்கி, அவன் மடித்த பெட்டி ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார். குணநாயகம் துறைமுகம்வரை வந்தார். கப்பல் ஏணிக்குக் கீழே நின்றபோது, தாங்கிக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று மட்டும் கேட்டார். நலமாக இருக்கச் சொல்லுங்கள் என்றான் வைரவன்.

கப்பலில் சீட்டை வாங்கிப் பார்த்தவர், பாலத்துக்கான சீட்டு என்பதால் அவனை அறைக்குள் விடவில்லை. மேல்தளத்தில் இரண்டு மேடைகளுக்குக் குறுக்கே படுக்கச் சொன்னார். ஒரு மேடையில் குதிகால், மறுமேடையில் தோள். நடுவில் கீழே கப்பலின் சரக்குக் குழி. முதல் சில நாட்கள் முதுகு வளைந்தது. மாலுமிகள் வண்ண டப்பாக்களைச் சுமந்துகொண்டு அவன் மேல் நடந்து போய்வந்தார்கள். ஆரம்பத்தில் ஒருவர் ஒருவராகப் போனார்கள். கடகரேகையைத் தாண்டுவதற்குள் எதிரும் புதிருமாக இரண்டு பேர் போனாலும் அவன் அசையவில்லை. வெயில் ஏற ஏற அவன் கொஞ்சம் நீண்டான். தனக்கும் இடைவெளி விட்டிருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

எழுவனூரில் ஆற்றங்கரையிலேயே கூட்டம் போட்டிருந்தார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. தலைவர் அவனிடம் முறைப்படி விசாரித்தார். பாலமாக இருந்த அனுபவம் உண்டா என்று கேட்டார். கடல் முழுக்க அப்படித்தான் வந்தேன் என்றான் வைரவன். வெளிநாட்டு அனுபவம் என்றால் கூடுதல் நல்லதுதான் என்று தாழையடிக்காரர்கள் சொன்னார்கள். யாரும் பெயர் கேட்கவில்லை. கூட்டம் முடிவதற்குள் வேலை முடிவாகிவிட்டது. போன நாட்டில் கிடைக்காத வேலை சொந்த ஊரில், அதுவும் அவன் துறையிலேயே கிடைத்தது என்று தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஆற்றின் அகலம் வைரவனுக்குத் தெரியும்; அவன்தான் அளந்தவன். வடக்கே தலை வைக்கக் கூடாது, கிழக்கே வைக்கலாம். எழுவனூர்க் கல்மேடையில் காலையும் தாழையடிக் கல்மேடையில் தலையையும் கைகளையும் வைத்துப் படுத்தான். கீழே தண்ணீர் முதுகைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. முதல் நாளே பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார்கள். அன்று பிரசவ வலியைப் பற்றிக் கேட்ட கிழவர் அவன் வயிற்றுக்கு மேல் நின்று ஒரு பீடியைக் குடித்து முடித்துவிட்டு, பழைய பாலத்துக்கு இது ஒன்றும் குறைவில்லை என்றார்.

மங்கை மட்டும் அவன் மேல் கால் வைக்கவில்லை. எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் தாழையடிக்குப் போக வேண்டிய நாட்களில் அவனுக்குப் பக்கத்திலேயே ஆற்றுக்குள் இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் அவன் நீளத்துக்கும் நடந்தாள். வெள்ளம் இழுக்கும் இடங்களில் பிடி இறுகும். தலைமாட்டுக்கு வந்து கரையேறியதும் சேலையைப் பிழிந்துகொண்டே, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பான். அவள் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். திரும்பும்போதும் தண்ணீரில்தான் திரும்புவாள். குளிர்ச் சட்டைக்கு அளவு கேட்டதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஓவியாவுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது. ஒருநாள் காலையில் அவள் பையோடு ஏறி வந்து, அவன் முழங்காலைத் தாண்டி, நடுவில் நின்றாள். ரேங்க் கார்டை எடுத்தாள். அப்பா கையெழுத்து இல்லாமல் வகுப்புக்குள் விடமாட்டார்கள் என்றாள்.

"கை அந்தக் கரையில இருக்கும்மா," என்றான் வைரவன். "அங்க வந்ததும் போட்டுத் தாரேன்."

சரி என்றாள் ஓவியா. கார்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டு, பின்னால் வந்துகொண்டிருந்த மாடுகள் முதலில் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள்.